எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு யூதக் கைதி

கே: ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதர் யாராவது நம் மலையகப் பக்கம் வந்ததுண்டா?
– வாசகர், ஹட்டன்

ப: வந்தார். வந்தவரைப் பிடித்துப் போட்டார்கள்! ஹட்டனில் ரயிலேறி நானுஓயா, அப்புத்தளை தாண்டினால் தியத்தலாவை. தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தக் கைதிகளை 1900இலேயே அடைத்துவைத்த ஊர். 1939இல் அங்கே பிரிட்டிஷார் அடைத்தவர்களில் ஒருவர் ஞானபொனிக தேரர். பூர்வாசிரமப் பெயர் சீக்மண்ட் ஃபெனிகர், ஜெர்மானிய யூதர். 1936இல் இலங்கைக்கு வந்து பிக்குவானவர். கைதானபோது வயது 38. இளைஞரா என்று கேட்காதீர்கள், நம் கட்சிகளின் இளைஞர் அணியில் அவர்தான் பொடியன்.

குற்றம்? ஜெர்மன்காரராம். ஹிட்லரோ ‘நீ ஜெர்மானியனே இல்லை’ என்று 1935இலேயே சட்டம் போட்டாயிற்று. பெர்லினுக்கு யூதன், லண்டனுக்கு எதிரி. தாயாரை 1939இல் எப்படியோ இங்கே வரவழைத்துவிட்டார், கெட்டிக்காரர்.

ஜப்பான் போரில் குதித்ததும் கைதிகளை இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றினார்கள். அதே முகாமிலிருந்துதான் ஆஸ்திரிய மலையேறி ஹைன்ரிஷ் ஹாரர் திபெத்துக்குத் தப்பி ஓடினார். நம்மவர் ஓடவில்லை, உட்கார்ந்து பௌத்த நூலான சுத்தநிபாதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். விடுதலை 1946இல்.

பிறகு கண்டி உடவத்தைக் காட்டில் ஆசிரமம், 1958இல் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம். 1994இல் காலமானார்.

இன்னொன்று. 1951இல் அவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, சந்தோஷம். தியத்தலாவையைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடமிருந்து அதை 1948இலேயே பறித்தாயிற்று. அதற்கு ஹிட்லர் தேவைப்படவில்லை, கொழும்பே போதுமாயிருந்தது.