ஒரிஜினல் சார்

கோட்டக்குப்பத்தில் அவரை ‘ஒரிஜினல் சார்’ என்றுதான் சொல்வார்கள். ரிட்டையர் ஆனவர். பென்ஷனில் பாதி வீட்டுக்கு, பாதி 1968 மாடல் அம்பாசிடர் மார்க் டூவுக்கு. எந்தப் பாதி பெரிய பாதி என்று அவர் வீட்டம்மாவிடம் மட்டும் கேட்டுவிட வேண்டாம்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பார், இன்னொரு ஊரில் ஃபியட். ஆனால் நம் சாரின் பாடு தனி. கிழக்கே கடல், வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். தகரம் என்று வாயால் சொன்னாலே துருப்பிடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கம்பெனியில் வந்த தகரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

மெக்கானிக் பாயின் பட்டறையில் நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டும்.

“சார், லைட்டு போட்டா ஹார்ன் அடிக்க மாட்டேங்குது. டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் வச்சிடலாம்.”

“பாய், அறுபத்தெட்டுல கம்பெனிக்காரன் வச்சானா?”

“வைக்கல சார்.”

“அப்ப நீங்க யாரு வைக்கிறதுக்கு?”

ஆகவே ராத்திரியில் சார் ஹார்ன் அடிப்பதில்லை. கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவார். கதவும் இப்போது பலமாகத் தட்டினால் தாங்காது.

துருப்பிடித்து விழுந்த எதையும் அவர் தூக்கிப் போடுவதில்லை. போல்ட், வாஷர், மட்கார்டுத் துண்டு என்று எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், மேலே சீட்டு ஒட்டி, அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ‘முன் இடது பம்பர் போல்ட், ஒரிஜினல்.’ அந்த பாட்டிலைக் குலுக்கினால் சத்தம் வராது. உள்ளே இருப்பது செம்பொடி. ஆனால் ஒரிஜினல் பொடி.

விழுந்ததற்கு மாற்று வாங்க சென்னைப் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவார். (கார் அவ்வளவு தூரம் போகாது.) பழைய வண்டியிலிருந்து கழற்றிய கதவு என்றால் ஒரிஜினல், புதிதாகத் தட்டிச் செய்தது டூப்ளிகேட். இந்தக் கணக்குப்படி அவருடைய ஒரு காருக்குள் ஏழெட்டு அம்பாசிடர்களின் ஒரிஜினல் இருக்கிறது.

ஒருநாள் பாய் பொறுமை இழந்து சரித்திரத்தில் கை வைத்தார். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூன்று என்று ஓடிய வண்டியைத்தானே 1957இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே அம்பாசிடர் என்று கொண்டுவந்தது? “அப்ப இதுவே டூப்ளிகேட்தானே சார்?” சார் பட்டறைப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்தினார். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டதும் திரும்பி வந்தார்.

அவருக்கு ஒரு பங்காளிப் பகை உண்டு. அடுத்த தெருப் பையன் தன் அம்பாசிடரில் இசுசு எஞ்சின், ஏ.சி., பவர் ஸ்டீயரிங் எல்லாம் ஏற்றி, புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களில் கல்யாண ஜோடிகளைப் போட்டோவுக்கு உட்கார வைத்துச் சம்பாதிக்கிறான். “அது அம்பாசிடர் வேஷம் போட்ட வண்டி” என்பார் சார். என் ஓட்டு பையனுக்குத்தான். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் மெட்டடார் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓடிய டாக்ஸிகள்தானே நம் ஊர் அம்பாசிடரின் அசல் வாழ்க்கை? அப்படி ஒன்றை, கரும்புகையோடு, ஏதாவது மியூசியத்தில் நிறுத்த வேண்டும். இதை சார் முன்னால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

2021இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தபோது சார் தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர். ஆனால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேர் பார்க்கவும் எடுக்கலாம். சார் மனசு உடைந்துவிடுமோ என்று பயந்தோம். அவர் அசரவே இல்லை. இத்தனை வருஷமாக அந்த வண்டி போய்வந்ததே, விலை குறைவு என்று எல்லை தாண்டிப் புதுச்சேரியின் முத்தியால்பேட்டைப் பக்கம் பெட்ரோல் பங்குக்கும், அங்கிருந்து பாய் பட்டறைக்கும்தான்.

ஈ.சி.ஆரில் வரும்போது கோட்டக்குப்பம் பக்கம் பானட்டைத் திறந்து வைத்து ஓர் அம்பாசிடர் நின்றால், இறங்கிக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். டீ வாங்கித் தருவார். ‘இதுல ஒரு மாருதி எஞ்சினைத் தூக்கி வச்சுட்டா...’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், டீ கிடைக்காது.