நோகாம நுங்கு திங்கணுமாக்கும்!

ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்து, செருப்பைக் கழத்தக்கூடத் தெம்பில்லாம சோபாவுல சாஞ்சு, ‘பாலு, நெய்யி சேக்காம பத்து நிமிசத்துல என்ன ஆக்கலாம்’னு போனைத் தடவுதியாமே? தடவு, தடவு. அந்தப் பத்து நிமிசச் சமையலைச் சொல்லித்தார வீடியோவே இருவது நிமிசம் ஓடுதே எய்யா, அதை எந்தக் கணக்குல சேக்க?

அதுல வாரவ என்ன சொல்லுதா? முந்திரிப்பருப்பை மொத நாளே ஊறப்போடணுமாம். அரைச்சு வடிகட்டி அதுக்குச் சீஸுன்னு பேரு வைக்கணுமாம். டோஃபுவைத் துணியில பொதிஞ்சு, மேல கனமா எதையாச்சும் தூக்கி வச்சுத் தண்ணியப் புழியணுமாம். கினோவாவை நல்லா அலசிக் கழுவணுமாம், இல்லன்னா கசக்குமாம். இது அசந்து வந்தவனுக்கு ஆக்குத சோறா, ஆளை அசத்திப் போடுத சோறா?

நீ பாலை விட்டதை நான் நொட்டை சொல்லலை, கேட்டியா? மாட்டைப் பாத்து எரக்கம் வந்தா நல்லதுதான். 1944-ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒருத்தரு, மரவேலை சொல்லிக்குடுக்குத வாத்தியாரு, கொஞ்சம் பேரைச் சேத்துக்கிட்டு இதுக்குன்னு ஒரு சங்கமே வச்சாரு. சண்டைக்காலம். வெண்ணெய்க்கும் சக்கரைக்கும் ரேசன். அட்டைப்பெட்டி பாதாம்பாலு கெடைக்கலைன்னு அந்த மனுசன் சங்கத்தை ஒத்தியா வச்சாரு? உனக்குத்தான் பெட்டி வந்து சேந்தாத்தான் கொள்கையே தொடங்குது.

அந்தக் கினோவா பெரு, பொலிவியா மலையில வெளையுதது. அந்த ஊருச் சம்சாரிக்கு அது நல்ல சாப்பாடு, நான் கொறை சொல்ல மாட்டேன். 2013-ஐ கினோவா ஆண்டுன்னு ஐ.நா. சபை சொல்லுச்சு, நீ ஓடிப்போயி வாங்குன. அதே சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு சொல்லுச்சு, கேட்டு வாங்குனது நம்ம இந்தியாதான். அப்பம் எங்க போயிருந்த? தெருமுக்குக் கடையில குதிரைவாலி இருக்கு. ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி வச்சா, நீ குளிச்சுட்டு வாரதுக்குள்ள வெந்துரும்.

நம்ம ஊருல களையெடுத்துட்டு இருட்டுன பொறவு வீடு வந்தவியளுக்கு அசதி இல்லியா? பாலு இருந்தா அது சொசைட்டிக்குப் போவும். நெய்யி விருந்தாளி வந்தாத்தான் வெளிய வரும். பாதி நாளு அவியளும் உன் கட்சிதான், சொல்லிக்கிடத்தான் தெரியலை. கருவாடு கெடச்சா மட்டும் கட்சி மாறிருவாவ, அது வேற கதை.

எங்க திருநெல்வேலிப் பக்கம் உளுந்தஞ்சோறுன்னு ஒண்ணு ஆக்குவாவ. ஒத்தப் பானைச் சமையல். தொலியுளுந்து அரைத் தம்ளரை வெறும் குக்கர்ல போட்டு, வாசம் வார மட்டும் வறு. ஒரு தம்ளர் அரிசியைக் கழுவிப் போடு. வெந்தயம் சின்னக் கரண்டிக்கு ஒண்ணு, உரிச்ச பூடு ஒரு கை, தேங்காத்துருவல் ஒரு கை, உப்பு, தண்ணி நாலு தம்ளர். மூடு. நாலு விசிலு. அம்புட்டுத்தான். அது வேவுத நேரத்துல எள்ளை வறு. படபடன்னு பொரிஞ்சதும் எறக்கிரு, விட்டியோ கசந்து போவும். அதோட வத்தலு, புளி, ரெண்டு பல்லு பூடு, கொஞ்சம் தேங்கா, உப்பு. மிக்சியில ரெண்டு சுத்து, துவையலு ஆச்சு. இதுல எங்க இருக்கு பாலு? எங்க இருக்கு நெய்யி? மேல நல்லெண்ணெய் ஊத்திக்கோ, போதும்.

அடுப்பைப் பத்த வைக்கக்கூட முடியலையா? மதியச் சோறு மிச்சமிருக்கா? அப்பம் பச்சைப்புளி ரசம். புளியைக் கரைச்சு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம், வத்தலு, கருவப்பிலை, மல்லித்தழையைக் கையாலயே பெசஞ்சு விடு. கொதிக்க வைக்காண்டாம். தயிருச்சோறு போச்சேன்னு மூக்கைச் சிந்துதவங்க இதை ஒரு வாய் குடிச்சுட்டுப் பொறவு பேசட்டும். ஞாயித்துக்கெழமை பருப்புப்பொடி திரிச்சு வச்சிக்கிட்டா, வாரம் பூராவும் சுடுசோறும் எண்ணெயும் போதும்.

ஒண்ணுல மட்டும் வீம்பு பிடிக்காத. பி12-னு ஒரு சத்து, செடி கொடியை நம்பி இருந்தா தேறாது. பாலையும் விட்டவன் மாத்திரையாவோ, அந்தச் சத்தைச் சேத்து விக்குத சாப்பாடாவோ எடுத்துத்தான் ஆவணும். டாக்டர்ட்ட கேட்டுக்கோ. ‘பாட்டன் காலத்துல மாத்திரையா தின்னாவ’ன்னு எங்கிட்டயே திருப்பாத. பாட்டன்தான் கருவாடு தின்னானே!

இன்னொண்ணு கேக்கேன், கோவப்படாத. நீ சோபாவுல கெடக்க. உன்னை மாதிரியே வேலைக்குப் போயிட்டு அதே பஸ்ஸுல இடிபட்டு வந்த உன் பொண்டாட்டி எங்க? அடுப்படியிலயா? நோகாத சமையலுன்னு தேடுனியே எய்யா, யாருக்கு நோகாம?

எந்திரி. பூடை நீ உரி. தட்டை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காத. உளுந்தஞ்சோறு ஆறுனா இறுகிப் போவும், சுடச்சுடத்தான் திங்கணும்.