நமக்குள்ள இருக்கட்டும்

"எனக்குக் குடும்பந்தாங்க எல்லாம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த முக்கால் மணி நேரம் நமக்குச் சொந்தமில்லை. ரேஷன் கடை வரிசையோ பல் டாக்டரின் வராந்தாவோ, இந்தக் குடும்ப பக்தருக்கு எல்லா இடமும் சந்நிதிதான். தங்கச்சி மாப்பிள்ளை வாங்கித் திருப்பாத கைமாத்து, அப்பாவின் பென்ஷன் எந்தப் பிள்ளை கையிலிருக்கும் ஏடிஎம் அட்டையில் கரைகிறது, மருமகள் மாதம் எத்தனை தடவை அம்மா வீட்டுக்குப் போகிறாள், எல்லாம் வரிசையாக வரும். நடுவில், "வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக்கூடாதுங்க" என்று அவரே நமக்குப் புத்தியும் சொல்வார். முடிக்கும்போது மட்டும் குரல் தாழும்: "நமக்குள்ள இருக்கட்டும்."

போலி என்று இவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவருடைய புகார்கள் அதற்கு இடம் தருவதில்லை. அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் சம்பந்தியின் மைத்துனருக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்தது அவருக்கு இன்னும் ஆறாத புண். குடும்பத்தைத் துச்சமாக நினைப்பவன் பத்திரிகையைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டான். "கூடப்பிறந்தவனே குழி பறித்தால்…" என்று ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறாரே, அது மறைவதற்குள் உள்ள 24 மணி நேரமும் யார் யார் பார்த்தார்கள் என்று தடவிக்கொண்டே இருப்பார். ஊரே பார்த்தாலும் அவர் தேடுவது ஒரே பெயரை. தம்பி பார்த்தானா?

அப்படியானால் தம்பியிடமே நேரில் கேட்கலாமே என்பீர்கள். நேரில் கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பதில் போகும், கடைசியில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் போய் நிற்கும். ரேஷன் கடையில் கொட்டிவிட்டால் பொங்கலுக்கு அதே தம்பியோடு ஒரே இலை வரிசையில் உட்காரலாம். கடைசிவரை வாய் திறக்காத கண்ணியவான்களைப் பாருங்கள்: ஒருநாள் நாளிதழில் வக்கீலின் முகவரியோடு பொது அறிவிப்பு வருகிறது. இன்னாருக்கும் எனக்கும் இனி எவ்விதச் சம்பந்தமும் இல்லை, அவரோடு வைத்துக்கொள்ளும் வரவுசெலவுக்கு நான் பொறுப்பல்ல!

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பேசப்படுகிறவரின் மானம் என்ன ஆவது? இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தம்பதியர் வழக்கை மூடிய அறைக்குள் விசாரிக்கச் சொல்கிறது. நம் தொலைக்காட்சிகளோ அதே வழக்கைக் கேமரா முன் உட்காரவைத்து, அழுகை உச்சத்துக்குப் போகும்போது விளம்பர இடைவேளை விட்டன. ரேஷன் கடை வரிசையில் அந்த அளவுக்கு வியாபாரம் இல்லைதான். ஆனாலும் மருமகளின் கருத்தரிப்புச் சிகிச்சையை அங்கே விவரிக்கும் மாமியாரைப் பாசத்தின் பேரால் மன்னிக்க முடியாது. பதில் சொல்ல அவள் அந்த வரிசையில் இல்லை.

மற்றபடி பக்தரின் பக்தியில் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "ஆமாங்க, உங்க தம்பி கொஞ்சம் அப்படித்தான்" என்று ஒத்து ஊதிப் பாருங்கள். முகம் சட்டென்று மாறும். "அவன் மனசு தங்கம் சார், வாக்கப்பட்டு வந்தவதான் சரியில்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த டீக்கடையில் அன்றைய விஷயம் நீங்கள்தான்: "எங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க இந்த ஆளு யாருங்க?"