கத்திரியில் வேகும் கார்கள்: வெயில்காலக் கேள்வி-பதில்

கேள்வி: அக்னி நட்சத்திரம் முடியும்வரை காரை எங்கே நிறுத்தி வைப்பது நல்லது?
– ‘நிழல்தேடி’, வேலூர்

பதில்: கொடைக்கானலில்.

கேள்வி: ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காருக்குள் நூறு டிகிரி இருக்கும் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். இருக்குமா?
– ‘அக்காள் புருஷன்’, காட்பாடி

பதில்: ஃபாரன்ஹீட்டில் சொல்கிறார் என்றால் குறைத்துச் சொல்கிறார். செல்சியஸில் என்றால், சீட்டில் பால் பாக்கெட்டை மறந்துவிட்டுப் போன அன்று உங்களுக்குப் பொங்கல்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் அரிசோனாவில் டெம்பி என்ற ஊரில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். வெளியே 38 டிகிரி தொட்ட நாட்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி, சீட் 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற காரின் டேஷ்போர்டு 48-ஓடு நின்றுவிட்டது. அந்த 21 டிகிரியை ஒரு வேப்பமரம் இலவசமாகத் தரும். நாம் மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பார்க்கிங் டோக்கன் கிழிக்கிறோம். 38 டிகிரி டெம்பிக்காரர்களுக்கு ஆராய்ச்சி. வேலூரில் அதற்கு ‘இன்னிக்குப் பரவாயில்லையே’ என்று பெயர்.

குற்றவாளி கண்ணாடி. வெயிலை உள்ளே விடும், சூடான டேஷ்போர்டு திருப்பி வீசும் வெப்பத்தை வெளியே விடாது. இது தெரிந்தும் நம் கார் கம்பெனிகள் உள்ளே எல்லாவற்றையும் கறுப்பில் போட்டு, ‘ஸ்போர்ட்டி’ என்று பெயர் வைத்து, கூடுதலாகக் காசும் வாங்குகின்றன. உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுகிறோமே, அந்த ஸ்போர்ட்ஸைச் சொல்கிறார்களோ என்னவோ! டேஷ்போர்டு வெளிர்நிறமாக இருந்தால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூச வைக்கும் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சரி, அது கறுப்பாகவே இருக்கட்டும். சீட்டுக்கு என்ன நியாயம்? சீட்டைப் பார்த்துக்கொண்டா ஓட்டுகிறோம்?

கேள்வி: சென்ட் பாட்டில், சிகரெட் லைட்டர், சானிடைசர் இவற்றை வெயிலில் நிற்கும் காரில் வைக்கலாமா?
– குடியாத்தம் வாசகி

பதில்: வெடி போடத் தீபாவளிவரை பொறுக்கக் கூடாதா அம்மா?

கேள்வி: ஏ.சி. காற்று நாலாம் நம்பரில் மட்டும்தான் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் வேலை செய்யவில்லை. ப்ளோயர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– ‘புழுக்கம்’, கரூர்

பதில்: மோட்டார் செத்துவிட்டது என்றால் நாலாம் நம்பரில் வீசுவது யார், உங்கள் குலதெய்வமா?

போனது ரெசிஸ்டர். பல கார்களில் குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. மிச்ச மின்சாரத்தை அது சூடாக மாற்றித் தானே வாங்கிக்கொள்ளும். நாலாம் நம்பர் அதைத் தொடாமல் நேரே போய்விடும். அதனால்தான் அது மட்டும் பிழைத்திருக்கிறது. ரெசிஸ்டர் ஆறுவதற்காகவே அதைக் காற்று போகும் பாதையில் வைத்திருப்பார்கள். ஏ.சி. ஃபில்டரில் ரெண்டு வருஷப் புழுதி அடைத்திருந்தால் காற்று வராது, மே மாதத்தில் அது வெந்துவிடும்.

மெக்கானிக்கிடம் மரியாதையாக ஒன்று சொல்லுங்கள்: “அண்ணே, மாட்டுறதுக்கு முன்னாடி கப்ளரைக் கழட்டிக் காட்டுங்க.” வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, பின்னைச் சுற்றி உருகியிருந்தால் கப்ளரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகிய கப்ளரில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அடுத்த கத்திரிக்கு இதே கேள்வியை மறுபடி அனுப்புவீர்கள். எனக்கு வேலை மிச்சம்தான், இதே பதிலை எடுத்துப் போட்டுவிடுவேன்.

கேள்வி: சன்ரூஃப் வைத்த கார் வாங்கலாம் என்று மகள் அடம்பிடிக்கிறாள். உங்கள் கருத்து?
– ‘அப்பா’, திருச்சி

பதில்: ஷோரூமுக்குக் குடை பிடித்துக்கொண்டு போய், ‘மேலே திறந்திருக்கிற மாதிரி ஒண்ணு காட்டுங்க’ என்று கேட்கிற மக்கள் நாம். வாங்குங்கள். வாங்கிய முதல் வாரம் மகள் தலையை வெளியே நீட்டுவாள், போலீஸ் நிறுத்தும். பிறகு ஆயுளுக்கும் மூடியே இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள். சன்ரூஃபைச் சுற்றி ஒரு வாய்க்காலும், மூலைகளில் தண்ணீர் வடியச் சின்னக் குழாய்களும் உண்டு. கோடை முழுக்கப் புழுதியும் சருகும் அதில் இறங்கும். வெயிலில் ரப்பர் விறைத்துப்போகும். ஐப்பசி மழையில் தண்ணீர் குழாயில் இறங்க வழியில்லாமல் கதவோரத் தூண் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கும். ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று பல கார்களில் தேடிப் பாருங்கள், அங்கேதான்.

கேள்வி: ரூஃப் லைனிங் கழன்று தலையில் இடிக்கிறது. குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறேன். இப்போது உள்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. சம்பந்தம் உண்டா?
– ‘சிக்கனம்’, ராஜபாளையம்

பதில்: குண்டூசி உபயத்தில் காருக்குள் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறீர்கள், சீரியல் லைட் எரியாதா?

துணிக்கும் மேலே உள்ள அட்டைக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் இருக்கும். வருஷக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டு அது பொடியாகிவிடும். விரலால் தேய்த்துப் பாருங்கள், ஆரஞ்சுத் தூளாகக் கொட்டும். அந்தத் தூளின் மேல் எந்தப் பசையும் நிற்காது. குண்டூசி அட்டையைத் தாண்டிப் போனால், அங்கே ஓடும் உள்விளக்கு வயரைக் குத்தும். ஓரங்களில் திரை ஏர்பேக் உள்ள கார் என்றால் இந்தத் தையல்கலை இன்னும் ஆபத்து. முதலில் ஊசிகளைப் பிடுங்குங்கள். பிறகு சீட் கவர் கடையில் கொடுத்து, பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். வெளிர்நிறத் துணியாக.

கேள்வி: டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு எல்.இ.டி. ஒளிவட்டம் போட்டதிலிருந்து மியூசிக் சிஸ்டம் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுவிடலாமா?
– ‘கணபதிதாசன்’, ஆம்பூர்

பதில்: போடலாம். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாமல் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதுங்கள்.

ஃபியூஸின் வேலையே உருகுவதுதான். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் கம்பெனி அங்கே சிவப்பை வைத்திருக்கிறது. நீங்கள் பச்சையைச் செருகினால் ஃபியூஸ் பிழைத்துவிடும், வயர் உருகும். அதுவும் டேஷ்போர்டுக்கு உள்ளே, ஃபோமுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில். சிகரெட் பெட்டி வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிப் போடும் மேதைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல நேரமிருக்காது, சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள்.

உங்கள் ஒளிவட்டத்துக்கு வருவோம். கடைக்காரர் மியூசிக் சிஸ்டத்தின் வயரை பிளேடால் கீறி, எல்.இ.டி. வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பார். முன்பு சொன்ன அந்த 69 டிகிரி டேஷ்போர்டில் டேப்பின் பசை இளகி வழுக்கும், சுற்று பிரியும், செம்பு வெளியே எட்டிப் பார்க்கும். பிரேக் போடும்போதெல்லாம் அது ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு வரும். பிள்ளையாரை ஒட்டிய டபுள் டேப்புக்கும் இதே கதிதான். விக்கினம் தீர்க்கிறவருக்கே வயர் இழுத்து விக்கினம் உண்டாக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். டேஷ்போர்டின் இடதுபக்க மேல்மூடியில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருக்கும். பிள்ளையார் அதன்மேல் உட்கார்ந்திருந்தால், மோதும் நொடியில் பை அந்த மூடியைப் பிளந்துகொண்டு வரும், பிள்ளையார் நேரே பக்கத்து சீட்டில் இருக்கும் உங்கள் மனைவியின் முகத்துக்குப் புறப்படுவார். நடுவில் சின்னதாக, விளக்கில்லாமல் வையுங்கள். இருட்டிலும் அவருக்குக் கண் தெரியும்.

கேள்வி: வெயிலில் கார் உருகும் என்று என் பையன் சொல்கிறான். விடுவானா ஒரு ரீல்?
– மதுரை வாசகர்

பதில்: பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதுவும் நடந்தது சூரியனே எப்போதாவதுதான் வேலைக்கு வரும் லண்டனில்.

2013-இல் அங்கே 20, ஃபென்சர்ச் தெருவில் ஒரு கண்ணாடிக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. உருவத்தைப் பார்த்து ஊரே அதை ‘வாக்கி டாக்கி’ என்று கூப்பிட்டது. தெற்குச் சுவரை உள்பக்கம் குழிந்த வளைவாகக் கட்டிவிட்டார்கள். குழிந்த கண்ணாடி வெயிலைக் குவிக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். கட்டட வல்லுநர்கள் அன்று லீவு போல. கோடையின் கடைசியில் கோபுரம் வெயிலைத் திரட்டித் தெருவில் ஒரே இடத்தில் கொட்டியது. அங்கே நின்றிருந்த ஒரு ஜாகுவார் காரின் பக்கக் கண்ணாடிக் கூடும் பேனலும் சின்னமும் வளைந்து உருகிப்போயின. கட்டியவர்கள் பழுதுபார்க்க 946 பவுண்டு கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். பத்திரிகைக்காரர்கள் உடனே வாணலியோடு வந்து தெருவில் முட்டை பொரித்துப் பார்த்தார்கள், நம் இனத்தின் கடமையுணர்ச்சி அப்படி. பிறகு கோபுரத்துக்கு வெயில் மறைப்புப் பட்டைகள் மாட்டினார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, வடிவமைத்தவர் ரஃபேல் வின்யோலி. லாஸ் வேகாஸில் அவர் முன்பே கட்டிய ஒரு ஹோட்டலும் நீச்சல் குளத்துப் பக்கம் வெயிலைக் குவித்து விருந்தாளிகளைச் சுட்டிருக்கிறது. நம்ம ஓ.எம்.ஆர். முழுக்கவும் கண்ணாடிக் கட்டடம்தான். பெரும்பாலும் சுவரைத் தட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். வாஸ்து நிபுணர்களுக்கு நான் நன்றி சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இது.

கேள்வி: பவர் விண்டோ சுவிட்சும் கதவுக் கைப்பிடியும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகின்றன. என் தம்பி காரில் அப்படி இல்லை, ஆனால் டேஷ்போர்டில் விரிசல்.
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: தம்பி வேலூர்ப் பக்கமா? எங்கள் ஊரில் வெடிக்கும், உங்கள் ஊரில் ஒட்டும். மெத்தென்று இருக்கப் பூசும் பாலியூரித்தேன் பூச்சை ஈரக்காற்றும் சூடும் சேர்ந்து சிதைத்துப் பசையாக்கும். காய்ந்த வெயிலில் டேஷ்போர்டு மேல்தோலை மெத்தென்று வைத்திருக்கும் ‘இளக்கி’ என்ற பொருள் ஆவியாகிப்போய், தோல் மொறுமொறுப்பாகிக் கீறும். முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படிகிறதே, அதில் ஒரு பங்கு அந்த ஆவிதான். சுவிட்சில் ஸ்பிரே அடிக்காதீர்கள். உள்ளே இறங்கினால் கண்ணாடி தானாக ஏறி இறங்க ஆரம்பிக்கும்.

கேள்வி: பகல் ரெண்டு மணிக்கு டச் ஸ்கிரீன் கறுப்பாகிவிடுகிறது. சாயந்திரம் தானாக வருகிறது. சர்வீஸ் சென்டரில் காட்டினால் நன்றாக வேலை செய்கிறது!
– ‘பொய்யனாகிப் போனவன்’, சேலம்

பதில்: சர்வீஸ் சென்டரில் காலை ஒன்பது மணிக்கு, நிழலில் காட்டியிருப்பீர்கள். அடுத்த முறை மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி, ஸ்கிரீன் கண்மூடியதை செல்போனில் வீடியோ எடுத்து, அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள். ஆறியதும் தானாக வருகிறது என்றால் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. டேஷ்போர்டைத் தட்டினால் வருகிறது என்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது, அல்லது கப்ளர் லூஸ். தினமும் விரிந்து சுருங்கினால் சால்டர் விடத்தான் செய்யும். எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு போதும். அதை எடுத்துவிட்டு, காரிலேயே அதிகம் வெயில் படும் இடத்தில் ஒரு டி.வி.யை வைத்து, ‘இதில் தொட்டு ஏ.சி. போட்டுக்கொள்’ என்கிறார்கள். ஏ.சி. போட ஸ்கிரீன் ஆற வேண்டும். ஸ்கிரீன் ஆற ஏ.சி. போட வேண்டும்.

கேள்வி: ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹாரன் நின்றுபோகிறது. ஏர்பேக் விளக்கும் எரிகிறது.
– கும்பகோணம் வாசகர்

பதில்: தமிழ்நாட்டில் ஹாரன் இல்லாமல் ஓட்டுகிறீர்களா? ஒருமுறை நேரில் வந்து உங்களைக் கும்பிட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருட்டி வைத்த பட்டை வயர் ஒன்று உண்டு. ‘கிளாக் ஸ்பிரிங்’ என்று கேளுங்கள். ஹாரனுக்கும் உங்கள் முன்னால் உள்ள ஏர்பேக்குக்கும் அதுதான் வழி. அது அறுந்தால் மோதும்போது பை விரியாமல் போகலாம். இன்றே போங்கள்.

கேள்வி: பத்து வருஷம் ஓடிய காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஏர்பேக்கை மாற்ற வேண்டும் என்று கம்பெனி பழைய உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தை அவர் இப்போது தருகிறார். அவசியமா? கார் நன்றாகத்தான் ஓடுகிறது.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: அவசியம். இந்த வாரமே போங்கள்.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் பையை விரிக்க அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள் வைத்தார்கள். பகலில் சூடேறி, இரவில் ஆறி, ஈரத்தை உறிஞ்சி, வருஷக்கணக்கில் இப்படியே போனால் வில்லைகள் சிதைந்துவிடும். சிதைந்த மருந்து தேவைக்கு மேல் வேகமாக எரியும். அதை அடைத்து வைத்த உலோகக் குடுவையே வெடித்து, துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கழுத்திலும் பாயும். பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதல்களில் அமெரிக்காவிலும் மலேசியாவிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் டகாட்டா திவாலானது. அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஹவாய் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள், ஏனென்றால் அங்கேதான் ஆபத்து அதிகம். தூத்துக்குடி எந்தப் பட்டியலில் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதம் டகாட்டா பற்றியதா, வேறு கோளாறா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. எதுவானாலும் ஏர்பேக் என்றால் தள்ளிப்போடாதீர்கள். திரும்ப அழைத்த பாகத்தை மாற்றக் காசு வாங்க மாட்டார்கள். பழைய கார் வாங்கிய மற்றவர்களும் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கடிதம் முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கலாம்.

கேள்வி: பம்பரில் எலுமிச்சை மிளகாய் கட்டினால் ஷார்ட் சர்க்யூட் வராது என்கிறார் மாமியார். சிரிக்கலாமா?
– ‘பகுத்தறிவு மருமகன்’, ஈரோடு

பதில்: பாதிதான் சிரிக்கலாம். வயரைக் கடிக்கும் எலிக்காக மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை ஹோண்டா நிறுவனமே விற்கிறது. மாமியார் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டார். கட்டவேண்டிய இடம் மட்டும் ஒரு முழம் உள்ளே.

கேள்வி: இந்த வாரம் முழுக்கக் கார்தானா? என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது.
– அரக்கோணம் வாசகர்

பதில்: அதன் சீட்டும் கறுப்புதான். தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.