காலிப் புட்டியியல்: காஞ்சிபுரத்து வீடுகளை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

காஞ்சிபுரத்தில் ஆராய இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று முனைவர் பட்ட மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கோயில்களை அளந்தாயிற்று, கல்வெட்டுகளைப் படியெடுத்தாயிற்று, கோர்வைப் பட்டையும் கோயில் இட்லியையும் பற்றி எழுதித் தீர்த்தாயிற்று. அத்தனை பேரும் அந்த இட்லிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள்தான். எண்ணெய் எதிலிருந்து ஊற்றப்பட்டது என்று ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறை அலமாரியில், புளிச் சட்டிக்குப் பக்கத்தில், லேபிள் இல்லாமல், தோள் அகன்று கழுத்து நீண்டு நிற்கும் அந்த முக்கால் லிட்டர் கண்ணாடிப் புட்டி முற்பிறவியில் பிராந்தி. இக்கட்டுரை அதன் இப்பிறவியைப் பற்றியது.

இத்துறையின் மூலநூல் காஞ்சியிலேயே பிறந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசன’த்தை அங்கத நாடகம் என்று இலக்கியக்காரர்கள் தவறாக வகைப்படுத்திவிட்டார்கள். உண்மையில் அது காலிக் கலம் ஒன்று காணாமல்போன வழக்கின் கட்டு. சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு காஞ்சி மதுக்கடைகளைச் சுற்றி வருகிறான். அவன் கையிலிருக்கும் கலம் மண்டையோடு. ஒருவர் பயன்படுத்தி முடித்தபின் இன்னொருவருக்கு உதவிய பொருள். மறுபயன்பாட்டுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. அது தொலைந்துபோகிறது. பழி நாகசேனன் என்ற பௌத்தத் துறவிமேல் விழுகிறது. பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில், நாய் கவ்விக்கொண்டுபோன அந்த ஓடு ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து மீள்கிறது. நாடாளும் வேலைகளுக்கு நடுவே ஓர் அரசன் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான். குடித்தது எவ்வளவு என்பதல்ல, பாத்திரம் எங்கே என்பதுதான் அவன் நாடகத்தின் கேள்வி. காஞ்சி இல்லத்தரசிகளின் கேள்வியும் இன்றுவரை அதுவே.

இதற்கும் முன்னால் போனால் சான்றுகள் கைவிரிக்கின்றன. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் வீட்டில் அரிசிக் களியைத் துழாவிச் சாடியில் ஊறவைத்துக் கள் வடிக்கும் முறையைச் சமையல் குறிப்புபோல விவரிக்கிறது. வடித்த பிறகு சாடி என்ன ஆயிற்று? புலவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைச் சொல்கிறார், அதை ஏந்திய பொற்கலத்தைச் சொல்கிறார். தீர்ந்தபின் அந்தத் தேறல் வந்த ஜாடியைக் கேட்டு வாங்கிப்போனது யார் என்று சொல்லவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் வந்திறங்கிய ஆம்போரா ஜாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஓடுகளைப் பார்த்து அறிஞர்கள் வணிகத்தைப் பற்றி எழுதினார்கள். நான் வேறொன்றைக் காண்கிறேன்: முழுசாக இருந்தவரை அந்த ஜாடியை எந்தத் தமிழ்க் குடும்பமும் குப்பைக்கு விட்டிருக்காது.

நவீன காலத்தில் ஓர் இடைவெளி. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுதும் பரவியதால், அந்தத் தலைமுறை வீடுகளில் நமது ஆய்வுப்பொருள் அகப்படுவதில்லை. அது மிக்சர் பாட்டில்களின் யுகம். டாக்டரிடம் போகிறவர் வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப்போக வேண்டும். கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு வேளை எவ்வளவு என்று காட்டப் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக்கொடுப்பார். காய்ச்சல் போனபின் அதே பாட்டிலில் விளக்கெண்ணெய். ஹார்லிக்ஸ் பாட்டிலின் வரலாறு தனி நூலுக்குரியது. அதை ஊறுகாய் ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு திரும்பியது, மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 180, 375, 750 மில்லி என்ற கால், அரை, முழு அளவுகள் ஏற்கெனவே அளவுகோல்போல நிலைத்திருந்ததால் காஞ்சி வீடுகளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

களத்தில் கண்டவை இவை. குவார்ட்டர் பாட்டில் பிள்ளையார்பாளையத்துத் தறிக் குழிக்குப் பக்கத்தில் மிஷின் எண்ணெயோடு நிற்கும். ஜக்கார்டு கிறீச்சிட்டால் ஒரு சொட்டு. அரை பாட்டில் ஜன்னலோரத்தில் மணிபிளான்ட் வளர்க்கும். முழு பாட்டில் செக்கடிக்குப் போய் நல்லெண்ணெயோடு திரும்பும், அல்லது தெருவில் தேன் விற்க வருகிறவரின் கூடையில் பழுப்புத் திரவத்தோடு உட்கார்ந்திருக்கும் (அது தேன்தானா என்பது வேதியியல் துறையின் பாடு). பீர் பாட்டிலைத் தலைகீழாக மண்ணில் புதைத்துக் கனகாம்பரப் பாத்திக்கு வரப்புக் கட்டுகிறார்கள். உருட்டுக்கட்டை உடைந்த வீட்டில் சப்பாத்தி தேய்ப்பதும் அதுவே. 2020 ஊரடங்கில் கல்லூரிப் பெண்கள் புட்டிக்குச் சணல் சுற்றி, சாயம் பூசி, உள்ளே சரவிளக்கு விட்டார்கள். காஞ்சியில் சணலுக்குப் பதில் அறுந்த பட்டிழையும் ஜரிகைத் துண்டும். எதற்கும் ஆகாமல் உடைந்த பாட்டில், காம்பவுண்டு சுவர் உச்சியில் சிமெண்டில் பதிந்து, திருடனுக்கும் பூனைக்கும் காவல் இருக்கிறது. இதில் பூனை மட்டும் தினமும் தாண்டிப் போகிறது.

ஆய்வின் சிக்கலான பகுதி இனிமேல்தான். எந்த வீட்டில் எந்தப் பாட்டிலைக் காட்டிக் கேட்டாலும் ஒரே வாக்குமூலம்.

“அக்கா, இது எங்கிருந்து வந்துச்சு?”

“அதுவா தம்பி, யாரோ குடுத்தாங்க.”

தெரு மாறியது, சாதி மாறியது, வடகலை தென்கலை மாறியது, பதில் மாறவில்லை. காஞ்சிக் கோயில்களுக்குக் கொடையளித்த பல்லவர், சோழர், விஜயநகர மன்னர் அனைவருக்கும் கல்வெட்டில் பெயர் உண்டு. இந்த நகரத்துக்கு இத்தனை கண்ணாடி தானம் செய்த ‘யாரோ’வுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் ஆண், வேலைக்குப் போகிறவர், சனிக்கிழமை இரவுகளில் அதிகம் கொடுப்பவர் என்ற அளவுக்கு மட்டும் ஊகிக்க முடிகிறது. சில வீடுகளில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இது தற்செயலாக இருக்கலாம்.

கொடையாளி மறைய வேண்டுமானால் லேபிள் மறைய வேண்டும். இங்கேதான் துறையின் மையக் கோட்பாடு நிற்கிறது: பாட்டிலின் பழைய வாழ்க்கை கண்ணாடியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. இதற்கு அறிவியல் ஆதரவும் உண்டு. மண்பானைக்கு நுண்துளைகள் உண்டு. ஒருமுறை கள்ளுக்கு வைத்தால் சாகும்வரை அது கள்ளுப்பானை. கண்ணாடி எதையும் உறிஞ்சாது. இரண்டு பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் கொட்டி, எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துவிட்டால் அதற்கு ஞாபகமே கிடையாது. ஆனால் காகிதத்தை எடுப்பது எப்படி என்பதில் ஊர் இரண்டுபட்டிருக்கிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்ற வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்று வைணவத்தில் இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். வேதாந்த தேசிகர் அவதரித்த தூப்புல் இருக்கும் ஊரில் அவை அடுப்படிவரை வந்திருப்பதில் வியப்பில்லை. முயற்சிக் கட்சியினர் நகம், பிளேடு, தேங்காய் நார், சாம்பல் என்று சுரண்டுகிறார்கள். பாதிக் குதிரை, கால் சிங்கம் என்று லேபிளின் மிச்சம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். சரணாகதிக் கட்சியினர் ராத்திரி வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பசை கரைந்து, விடிகாலையில் லேபிள் தானே மிதக்கிறது. நான் இரண்டாம் கட்சி. பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மட்டும் அருள் போதாது. தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துப் பூச வேண்டும்.

இதன்பின் நடப்பது, நான் பார்த்தவற்றிலேயே வேகமான சமூக முன்னேற்றம். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாட்டில் பூஜை அறைக்குள் விளக்கெண்ணெயோடு நுழைகிறது. மாமாவுக்கு அன்று அங்கே அனுமதி இல்லை.

கார்க் பற்றிய அதிகாரம் சிறியது; ஆய்வுப்பொருள் பஞ்சம்தான் காரணம். டாஸ்மாக் சரக்குக்கு அலுமினிய முறுக்கு மூடி. கார்க் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வெளிநாட்டு மேலாளரிடம் வேலைபார்க்கும் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். கார்க் என்பது ஓக் வகை மரம் ஒன்றின் பட்டை. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதானபின் முதல் உரிப்பு, பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. உலக விளைச்சலில் பாதி போர்ச்சுகலில். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் இதன் சீவலைப் பார்த்துத்தான் செல் என்று ஒன்று இருப்பதை உலகுக்குச் சொன்னார். அத்தகைய பொருளை நம் வீட்டில் குழம்புச் சட்டி மூடியின் கழன்ற குமிழுக்குப் பதிலாகத் திருகி வைத்திருக்கிறார்கள். கை சுடுவதில்லை. ஹூக்குக்கு இது தோன்றவில்லை. கார்க் வாய்க்காத வீடுகளில் முறுக்கிய கந்தல் துணி, நார்ச் சுருள், மடித்த தினத்தாள் ஆகியவை அடைப்பாகின்றன. மண்ணெண்ணெய்க் காலத்தில் இந்த மூன்றுமே நாறின.

வேண்டாத பாட்டில் எங்கே போகிறது? காஞ்சியில் கிழிந்த பட்டுப்புடவைக்குக்கூட ஆள் வருவார். ஜரிகையை உருக்கினால் வெள்ளி பிரியும், பொட்டுத் தங்கமும் உண்டு. பாட்டிலுக்கு அப்படிப்பட்ட உள்மதிப்பு கிடையாது. உலையில் சேரும் உடைந்த கண்ணாடி பத்து சதவீதம் கூடினால் இரண்டு மூன்று சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று ஆலைக்காரர்கள் கணக்கு வைத்திருந்தாலும், காயலான் கடைக்காரர் கணக்கில் அது எடைக்கேற்ற காசு தராத சுமை. இரும்பையும் பேப்பரையும் வாங்கிக்கொண்டு, பாட்டிலைப் பார்த்தால் வண்டியைத் தள்ளிவிடுவார்.

இந்த நிலையைக் குலைக்க வந்தது 2022 ஆணை. நீலகிரிக் காடுகளில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் முறை அங்கே தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்கும் விரிந்தது. நல்ல திட்டம், யானை சார்பில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் புட்டியியல் நோக்கில் அதில் ஒரு நெருக்கடி இருக்கிறது. பத்து ரூபாயைத் திரும்பப் பெற ஒருவர் பகல் வெளிச்சத்தில், கையில் காலியோடு, கடை வாசலில் நிற்க வேண்டும். ‘யாரோ’வை அனுப்ப முடியாது.

பொருளாதார அறிஞர்கள் பத்து ரூபாய் வெல்லும் என்பார்கள். நான் சின்ன காஞ்சிபுரத்து வீடொன்றில் விசாரித்தேன். ஊட்டிக்குச் சுற்றுலா போன யாரோ கொண்டுவந்து கொடுத்த முழு பாட்டில் ஒன்று அங்கே நல்லெண்ணெயோடு நின்றது. அந்தப் பத்து ரூபாய் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டேன்.

“அது மட்டும் லேசுல வரலை தம்பி,” என்றார் அந்த அக்கா. “ரெண்டு ராத்திரி ஊற வச்சேன்.”