நள்ளிரவில் மதில் ஏறிய சபாநாயகர்

கே: தேர்தல் ஒழுங்காக நடந்தால் போதாதா? தாராளவாத ஜனநாயகம் என்று தனியாக எதற்கு?

ப: ஜெயித்தவர் ஆளலாம். நீதிபதியையும் நிருபரையும் தேர்தல் அதிகாரியையும் தன் கையாளாக்கக் கூடாது. இன்று பல நாடுகளில் தேர்தல் இருக்கிறது. பறிபோவது 'தாராளவாதம்' என்னும் இந்த இரண்டாவது பாதி.

கே: துப்பாக்கி எடுக்காமல் ஜனநாயகத்தைச் சாய்க்க முடியுமா?

ப: ஹங்கேரியில் முடிந்தது. 2010 தேர்தலில் வென்று பிரதமரான ஓர்பனின் கட்சி வாங்கியது சுமார் 53 சதவீத ஓட்டு. கிடைத்தது மூன்றில் இரண்டு பங்கு இடம். மறு ஆண்டே புது அரசியல் சாசனம். நீதிபதிகளின் ஓய்வு வயது 70-லிருந்து 62 ஆனது. மூத்தவர்கள் கூண்டோடு வெளியே. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் 'இது தவறு' என்றபோது, அந்த நாற்காலிகள் பலவற்றில் புது ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கே: துப்பாக்கியே வந்த தென்கொரியா மட்டும் எப்படித் தப்பியது?

ப: 2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணிவாக்கில் அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கேட்டால் அதை விலக்கியே ஆக வேண்டும் என்கிறது சாசனத்தின் 77-ஆவது பிரிவு. ஆனால் வாசலில் போலீஸ். அறுபதைத் தாண்டிய சபாநாயகர் வூ வொன் ஷிக் மதில் ஏறிக் குதித்தார். சன்னலை உடைத்துப் புகுந்த சிப்பாய்களை, மேசை நாற்காலிகளை அடுக்கியும் தீயணைப்பானைப் பீய்ச்சியும் ஊழியர்கள் தடுத்தார்கள். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று உறுப்பினர்கள் துடித்தபோதும், தீர்மானம் முறைப்படி கைக்கு வரும்வரை சபாநாயகர் காத்திருந்தார். அந்த இரவில் நான் மிகவும் மதிப்பது இந்தக் காத்திருப்பைத்தான். நடைமுறையில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும், தீர்மானமே செல்லாது என்று அதிபர் தரப்பு கிளம்பியிருக்கும். ஒரு மணிவாக்கில் ஓட்டெடுப்பு. வந்திருந்த 190 பேரும் விலக்கச் சொன்னார்கள்; அதில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சி.

கே: அந்த 18 பேர் கட்சித் துரோகிகள்தானே?

ப: அவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தது கட்சி ஆபீசில் அல்ல.

கே: அந்த இரவில் ராணுவ வண்டியை மறிக்கும் துணிச்சல் ஜனங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ப: குவாங்ஜுவிலிருந்து. 1980 மே மாதம் ராணுவச் சட்டத்தை எதிர்த்த அந்த ஊர் மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பல்லாண்டு நீதி கேட்டு நடந்தார்கள், நாடு மறக்கவில்லை. 2024 டிசம்பர் 3-க்கு அடுத்து வந்த போராட்டங்களில் இளம்பெண்கள் பாட்டுக் கச்சேரிக்கு வாங்கிய ஒளிக்குச்சிகளோடு, கடும் குளிரில் நின்றார்கள்.

கே: யூன் என்ன ஆனார்?

ப: 2025 ஏப்ரல் 4-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகப் பதவியைப் பறித்தார்கள்.

கே: கெட்ட ஆட்சியைத் தோற்கடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ப: போலந்தைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் 74 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு, எட்டாண்டு ஆண்ட கட்சியின் பெரும்பான்மையைப் பறித்தார்கள். ஆனால் அந்த ஆட்சி வளைத்த நீதித்துறையை நிமிர்த்தச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கு அதிபர் கையெழுத்து வேண்டும். அப்போதைய அதிபரோ பழைய ஆட்சியின் ஆள். குறுக்கு வழியில் நீதிபதிகளை நீக்கினால், நாளை வருபவரும் அதே வழியில் நுழைவார். 2025-இல் வென்ற புது அதிபரும் அந்தப் பழைய கட்சியின் ஆதரவு பெற்றவர்தான். ஆகவே அந்தத் தேர்தலுக்குப் பின் வந்த பிரதமர் டுஸ்க் நேர்வழியில்தான் போக வேண்டும், எவ்வளவு நாளானாலும்.