மண்ணா, நெருப்பா, டோக்கனா?

எழுபதுகளில் எங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரியை அடுத்துக் கிளம்புவது வழக்கு. அப்பா வழியில் புதைப்பார்கள், அம்மா வழியில் எரிப்பார்கள். இரு தரப்புமே வேலூர்ப் பக்கமிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர்கள்தான், சாதியும் ஒன்றுதான். ஆனாலும் "நம்ம குலத்துக்கு நெருப்பு ஆகாது" என்பார் பெரியப்பா. "மண்ணுல போட்டா ஆத்மா அலையும்" என்பார் மாமா. மேளக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் இருவரும் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

ஆயா மட்டும் குலத்தையும் ஆத்மாவையும் இழுக்கவில்லை. "ஆயுசு பூரா அடுப்புல வெந்தாச்சு. செத்த பொறவும் வேகணுமாடா?" என்று ஒரே கேள்வி. புதைத்தோம்.

பக்கத்து வீட்டு லிங்காயத்து அஜ்ஜி இறந்தபோதுதான் சிறுவர்களான எங்களுக்கு உண்மையான அதிர்ச்சி. அவரை உட்காரவைத்தே தூக்கிப் போனார்கள். நெற்றி நிறைய விபூதி, உள்ளங்கையில் இஷ்டலிங்கம். குழிக்குள்ளும் உட்கார்ந்த நிலைதான். தும்கூர் சித்தகங்கா மடத்து சிவகுமார சுவாமிகள் 2019 ஜனவரியில் 111 வயதில் மறைந்தபோதும் மடத்திலேயே சமாதி வைத்தார்கள். இறந்தவர் சிவனோடு கலந்துவிட்டார் என்பது லிங்காயத்தாரின் நம்பிக்கை. அதில் வாதாட இடமில்லாததால் மாமாவுக்கு அவர்கள் சாவு வீட்டில் பொழுதே போகாது.

மாமாவின் எரிப்புக் கொள்கையில் எத்தனை ஓட்டை என்பது பின்னால்தான் உறைத்தது. குழந்தை இறந்தால் புதைக்கலாம். சந்நியாசியைப் புதைக்கலாம். அம்மை கண்டு போனவரையும் புதைக்க வேண்டும், எரித்தால் ஆத்தாளைச் சுட்டதாகிவிடும். இதைத்தான் "அனாதி காலத்து வழக்கம்" என்பார். அனாதி காலத்தைக் கேட்டால் அது வேறு சொல்கிறது. மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாட்டு வருணனையில் எரிப்பது, சும்மா போட்டுவிட்டுப் போவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வழியும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அந்த ஊரில் பெரியப்பாவும் மாமாவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தலைவர்கள் வந்து வழக்கை இன்னும் சிக்கலாக்கினார்கள். 1973இல் பெரியாரைச் சென்னை பெரியார் திடலில் புதைத்ததும் பெரியப்பா பகுத்தறிவே தன் கட்சி என்றார். 1987இல் எம்.ஜி.ஆரை மெரினாவில் புதைத்தபோது மாமா கொஞ்ச காலம் நெருப்பைப் பற்றிப் பேசவேயில்லை. அவர் ரசிகர் மன்றத்துக்காரர். உச்சம் 2016 டிசம்பர். மேலுகோட்டையில் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதா சந்தனப் பேழையில் மெரினா மண்ணுக்குள் போனார். சில நாளில் உறவினர் என்று சொல்லிக்கொண்ட சிலர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக்கரையில் அவர் உருவாக ஒரு பொம்மையை வைத்துச் சடங்கு செய்து எரித்தார்கள். கடற்கரையில் மண், ஆற்றங்கரையில் நெருப்பு. எங்கள் குடும்பத்தின் இரு தரப்பும் ஒருசேர ஜெயித்த ஒரே வழக்கு அதுதான். கன்னடத் திரையுலகிலும் இப்படித்தான். கண்டீரவா ஸ்டுடியோ வளாகத்தில் ராஜ்குமாரையும் புனீத்தையும் புதைத்தார்கள், அம்பரீஷை எரித்தார்கள்.

பிறகு 2021 வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு மின்மயானங்களின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டின. சாமராஜப்பேட்டை மயானம் ஒன்றில் சினிமா தியேட்டரைப் போல "ஹவுஸ்ஃபுல்" பலகை மாட்டினார்கள். நகருக்கு வெளியே கித்தேனஹள்ளியில் கல்குவாரியே சுடுகாடானது. "என்னை மண்ணுலதான் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்த எங்கள் சித்தப்பா அந்தக் குவாரியில்தான் எரிந்தார். எங்கள் கொள்கையை அன்று யாரும் கேட்கவில்லை. டோக்கன் நம்பரைத்தான் கேட்டார்கள்.

யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1965இல் வந்த நாவல். ஆசாரம் கெட்ட நாரணப்பாவின் பிணத்தை யார் எரிப்பது என்று அக்ரகாரமே முடிவெடுக்க முடியாமல் தவிக்க, கடைசியில் ஒரு முஸ்லிம் இரவோடு இரவாக உதவி எரித்து முடிப்பார். படித்தபோது இது எழுத்தாளனின் குறும்பு என்று நினைத்தேன். கொரோனா காலத்தில் 'மெர்சி ஏஞ்சல்ஸ்' என்ற தன்னார்வலர் குழுவின் முஸ்லிம் இளைஞர்கள் இந்த ஊரில் இந்துப் பிணங்களை எரிக்கத் தூக்கிப் போனார்கள். அக்ரகாரம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கைக்குச் சானிடைசர் தடவிக்கொண்டிருந்தது. அக்ரகாரம் என்று நான் சொல்வதில் எங்கள் தெருவும் சேர்த்திதான்.

அந்த ஜூன் மாதம், கேட்பாரற்றுக் கிடந்த 500க்கும் மேற்பட்டவர்களின் அஸ்தியை அமைச்சர் ஆர். அசோக் பெளகவாடியில் காவிரியில் கரைத்தார். அதே ஆண்டு அஞ்சல்துறை இன்னொரு வசதி செய்தது. அஸ்தியை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் காசியிலோ ஹரித்வாரிலோ ஓர் அமைப்பு கரைத்துவிடும். ஆத்மா அலையாமல் விலாசம் தேடிச் சேர இதைவிட நல்ல வழி மாமாவுக்கே தோன்றியிருக்காது.

கிறிஸ்தவ நண்பர்களின் நிலை இதற்கு நேர்த் தலைகீழ். ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கடி, பாட்டன் குழியைத் திறந்துதான் பேரனை வைக்க வேண்டும். எரிக்கலாம் என்று ரோம் 1963இலேயே அனுமதித்துவிட்டது. அஸ்தியைத் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் நினைவூட்டியது. ஃப்ரேசர் டவுன் நண்பன் எரிப்பதைப் பற்றி யோசிக்கிறான். அவன் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாமா மகனோ இப்போது சர்ஜாபூர் ரோட்டில் அடுக்குமாடிவாசி. "எலக்ட்ரிக்தான் பெஸ்ட், விறகு வேஸ்ட், பொல்யூஷன்" என்கிறான். ஆத்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் குடும்பத்தில் நம்பிக்கை மாறியதாக அவன் நினைக்கிறான். சென்ட் நிலத்தின் விலைதான் மாறியது என்பது என் கட்சி.

குழி வெட்டுகிறவர்களுக்கும் உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கும் பசவராஜ் பொம்மை கர்நாடக முதல்வராக இருந்தபோது 'சத்ய ஹரிச்சந்திர பளக', அதாவது ஹரிச்சந்திரன் கூட்டம், என்று பெயர் சூட்டினார்கள். புராணத்து ஹரிச்சந்திரனும் மயானத்தில் அடிமையாகத்தான் வேலை பார்த்தான் என்பது பெயர் வைத்தவர்களுக்கு ஞாபகமிருந்ததா தெரியவில்லை.

என் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை, இரு தரப்பும் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்களும் எழுதி வைத்துவிடுங்கள். கூடவே ஆதார் நகல் ஒன்றும் இருக்கட்டும், மயான அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.